முக்கொம்பு: மேலே பூங்கா, அடியில் அரிப்பு

எண்பதுகளில் உறையூரில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்புதான். புளியோதரைத் தூக்கு, ஜமுக்காளம், குரங்குக்குப் பயந்து அவசரமாக ஒரு சாப்பாடு. பிறகு கொள்ளிடத்துக் கதவணைப் பாலத்தில் நடை. ஷட்டர் ஏற்றியிருந்தால் பாலம் உள்ளங்காலில் அதிரும். அந்த அதிர்வுக்காகவே நின்று நின்று போவோம். ஒரு தடவை அணைப் பணியாளரான லஸ்கர் ஒருவர் பற்சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பல்லிடுக்கிலும் விரலை விட்டு, பழைய கசடை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக அப்பினார். "கைய வச்சிராத தம்பி" என்றார். அந்த அணையைப் பராமரிக்கும் ஒருவரை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான்.

"1836-ல ஆர்தர் காட்டன் கட்டுனது, அசையல பாரு" என்பார் சித்தப்பா. காட்டன் கட்டியது, கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து தண்ணீரெல்லாம் அங்கே ஓட, காவிரி காய்ந்துகொண்டிருந்த காலத்தில். மேலணை என்று சொல்லும் அந்த அணைதான் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பித் தஞ்சை வயல்களைக் காப்பாற்றியது. ஷட்டர்கள் பிற்பாடு வந்தவை.

வருஷம் போகப் போக எங்கள் கண்ணெல்லாம் அணையோரப் பூங்காமேல் இருந்தது. ஊஞ்சல் புதிதா, புல் பச்சையா என்றுதான் பார்த்தோம். ஆனால் மணல் ஆற்றில் நிற்கும் கட்டுமானத்துக்கு உயிர் அடித்தளத்தில் இருக்கிறது. கீழ்ப்புறப் படுகை தாழத் தாழ, ஷட்டரைத் தாண்டி விழும் தண்ணீர் தளத்தின் விளிம்பைக் குடையும். அடிமணல் கரைந்தால் தூணுக்குப் பிடிப்பு இல்லை. மணல் அள்ளும் ஆற்றில் படுகை இன்னும் வேகமாக இறங்கும்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடக் கதவணையின் 45 ஷட்டர்கள் கொண்ட தென்பகுதியில் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. அதுவும் வெள்ளத்தின் உச்சம் கடந்த பிறகு. பாறாங்கல்லையும் மணல் மூட்டையையும் தோள்மாற்றி, ஆட்கள் ஆற்றில் இறங்கி அடைத்தார்கள். பின்னர் புதிய கதவணையே கட்ட வேண்டியதாயிற்று.

இப்போது தண்ணீர் அதிகம் வந்தால் பூங்காவுக்கு யாரையும் விடுவதில்லை. நல்லதுதான். ஆனால் ஆய்வு செய்ய அடித்தளம் தெரிவது ஆறு வற்றிய கோடையில். 2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கேட்கிறது. அது முக்கியமாக 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு. உயரம் குறைந்த பழைய அணைக்கட்டுகளுக்கும் அதே ஆய்வு வேண்டும், ஆய்வின் முடிவைப் பூங்கா வாசலிலேயே எழுதி ஒட்டவும் வேண்டும். நாம் குழந்தைகளைக் கூட்டிப்போகும் இடம் அது.