நெக்ஸ்ட் ஸ்லைடு ப்ளீஸ்

செயற்கைப் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த எங்கள் காலத்தவர்களுக்கு, மாநாட்டில் ஆய்வுக் கட்டுரை வாசித்துப் பரிசு வாங்க முதலில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரின் தயவு வேண்டும். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து மின்னும் ஸ்லைடுகளை ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று இழுத்தடித்து, ரயில் ஏறும் சாயங்காலம்தான் கையில் கொடுப்பார். அவற்றை ட்யூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, எந்தப் பக்கம் மேலே என்று தெரிய மூலையில் சிவப்புப் புள்ளி வைத்து, பெட்டியில் அடுக்கி, அந்தப் பெட்டியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்த இரவுகளை நினைத்தால், பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கும் இன்றைய பிள்ளைகளைப் பார்த்து வருவது பொறாமையா பரிதாபமா என்று எனக்கே விளங்குவதில்லை.

புள்ளி வைத்தும் யாராவது ஒருவருடைய ஸ்லைடு தலைகீழாகத்தான் விழும். மற்றத் துறைகளில் அது மானக்கேடு. எங்கள் துறையில் மேல் பல்செட் கீழ் பல்செட்டாகிவிடும், அவ்வளவுதான். பாதி அரங்கம் இருட்டின் புண்ணியத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். அதே இருட்டில்தான் என் முழங்கால் நடுக்கமும் நடுவர்களின் கண்ணில் படாமல் தப்பியது. விரலிடுக்கில் ஒட்டிய அளவெடுக்கும் பசையின் கிராம்பெண்ணெய் வாசம் எந்தச் சோப்புக்கும் மசியாமல் மாநாட்டுக்கும் கூடவே வரும். கேடயம் கைக்கு வந்த அன்று, இனி நாட்டில் பொக்கை வாய்க்கே இடமில்லை என்று மனதார நம்பிய அந்த ஒல்லிப் பையனை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இன்று தொடுதிரையில் போஸ்டர், வாய்க்குள் ஸ்கேனர், பசையும் இல்லை, வாசமும் இல்லை. பரிசும் பிரிவுக்கொன்றாகப் பெருகிவிட்டதால், வெறுங்கையோடு திரும்புவதற்குத்தான் தனித்திறமை வேண்டும். கணினி சொல்லச் சொல்ல ஓர் இயந்திரம் வட்டத் தட்டிலிருந்து பல்செட்டையே கடைந்தெடுப்பதைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். தட்டு என்ன பொருள் என்று விசாரித்தால், 1930களில் பல் மருத்துவத்துக்குள் நுழைந்த அதே அக்ரிலிக் குடும்பம்தான்!

பொருளைப் போலவே பிரச்சினையும் பழையதுதான். இந்தியச் செயற்கைப் பல் மருத்துவச் சங்கம் தொடங்கிய 1972இல்தான், பல்செட் அணிந்தவர்களின் தாடையெலும்பு தேய்வதை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து எழுதிய டால்கிரனின் கட்டுரையும் வெளிவந்தது. கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்கிறதாம். 2002இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் பொருத்தி அதன்மேல் பல்செட் மாட்டுவதையே முதல் சிகிச்சையாகக் கொள்ளலாம் என்றார்கள். செலவைச் சொன்னதும் பாட்டிமார்கள் பழைய பல்செட்டையே இறுக்கித் தரச் சொல்கிறார்கள். அன்று “தம்பி, இதப் போட்டுக்கிட்டு முறுக்கு கடிக்கலாமா?” என்றவர்களின் பேத்திகள் இன்று “ஐயா” என்று கூப்பிட்டு அதையேதான் கேட்கிறார்கள்.

சமீபத்தில் என்னையும் நடுவராக உட்கார வைத்தார்கள். வண்ண வண்ண வரைபடங்களோடு ஒரு பெண் பிரமாதமாகப் பேசினாள். “எவ்வளவு காலம் கவனிச்சீங்கம்மா?” என்றேன். “ஆறு மாசம் சார்” என்றாள். பக்கத்து நடுவர் உதட்டைப் பிதுக்கினார். நான் தாராளமாக மதிப்பெண் போட்டேன். எங்கள் காலத்தில் பல்செட்டை வாயில் மாட்டிப் படம் பிடித்த அன்றைக்கே ஆராய்ச்சி முடிந்துவிடும்.