டயகிராம் தம்பி

கையில் ஸ்கேல் இல்லாமல் டயகிராம் தம்பியை யாரும் பார்த்ததில்லை. பி.சி.ஏ. முதலாண்டில் சிஸ்டம் அனாலிசிஸ் பாடம் தொடங்கிய வாரமே அவருக்கு அருள் வந்துவிடும். கேன்டீனில் சும்மா போய் டீ வாங்குவாரா? முதலில் கான்டெக்ஸ்ட் டயகிராம் போட்டாக வேண்டும். நடுவில் வட்டம், இந்தப் பக்கம் மாணவர், அந்தப் பக்கம் டீ மாஸ்டர். டோக்கன் உள்ளே போகிறது, டீ வெளியே வருகிறது. அம்புக்கு முனை வரைந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், பஜ்ஜியும் தீர்ந்திருக்கும்.

சித்தப்பா பெயரை மறப்பார், 1976இல் ஈ.ஆர். மாடலைத் தந்த பீட்டர் சென்னை மறக்கமாட்டார். யூ.எம்.எல். உருவாக்கிய மூவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்: கிரேடி பூச், இவார் யாக்கப்சன், ஜேம்ஸ் ரம்பா. (கடைசிப் பெயருக்கு நிமிர்ந்து பார்ப்பவர் பாடம் எடுக்கும் சார் மட்டுமே. பையன்கள் அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்ததில்லை.) வாட்டர்ஃபால் மாடலையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். 1970இல் அந்தப் படத்தைப் போட்ட வின்ஸ்டன் ராய்ஸ், இதை அப்படியே செய்தால் ஆபத்து என்று அதே கட்டுரையில் எழுதிவைத்தது மட்டும் தம்பியின் நோட்ஸில் இல்லை. பரீட்சைக்கு வராது.

டேட்டா உள்ளே போய், எதுவுமே வெளியே வராத வட்டத்தை டி.எஃப்.டி. எனும் டேட்டா ஃப்ளோ டயகிராமில் பிளாக் ஹோல் என்பார்கள், அது பிழை. இந்தப் பாடத்தில் தம்பியின் குரூப்புக்கு நன்றாகப் புரிந்தது அது ஒன்றுதான். அவர்களுடைய பென்சில், ரப்பர், ரெக்கார்டு நோட்டு எல்லாம் தம்பியிடம் போய்ச் சேர்ந்தவைதானே.

மினி புராஜெக்ட் தலைப்பைச் சொல்ல வேண்டியதில்லை, லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம். தமிழ்நாட்டில் நூலகங்களைவிட இந்தச் சிஸ்டம்கள்தான் அதிகம் இருக்கும் என்பது என் சந்தேகம். முதல் படி பயனாளரிடம் பேசித் தேவைகளைத் தெரிந்துகொள்வது. நூலகர் மேடம் கீழ்த்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

“ஒரு தடவை மேடத்தைக் கேட்டுட்டு வந்துடலாமா?” என்றாள் குரூப்பில் இருந்த பெண்.

“எதுக்குப்பா? புக் எடுப்பாங்க, திருப்பித் தருவாங்க. இதுல கேக்க என்ன இருக்கு?”

சொல்லிவிட்டு, ‘பயனாளர்களை நேரில் சந்தித்து விவரம் சேகரித்தோம்’ என்று ரிப்போர்ட்டில் டைப் அடித்தார். அந்தப் பெண் மட்டும் கீழே போய் வந்தாள். தொலைத்தவர் அதே புத்தகத்தை வாங்கித் தர வேண்டும். ரெஃபரன்ஸ் புத்தகம் வெளியே போகாது. முக்கியமாக, ஹால் டிக்கெட் தருவதற்கு முன் நோ டியூ கையெழுத்து. அந்த வாரம் மேடத்துக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காதாம். பெயர் பெயராகத் தேடிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கே பொழுது போய்விடும். தம்பியின் படத்தில் இதற்கென்று ஒரு அம்புகூட இல்லை. சேர்க்கலாமா என்று கேட்டபோது, “இடம் இல்லப்பா, அலைன்மென்ட் போயிடும்” என்றார்.

வைவா அன்று அயர்ன் பண்ணிய சட்டை. “குட் மார்னிங் ஒன் அண்ட் ஆல்.” அதற்குப் பிறகு வகுப்புக்கு அவர் முதுகுதான் தெரிந்தது, திரையில் இருப்பதை வரி விடாமல் வாசித்தார். கடைசி ஸ்லைடில் ரோஜாப்பூவும் ‘தேங்க் யூ’வும்.

“புத்தகம் தொலைஞ்சா உங்க சிஸ்டம் என்ன செய்யும்?” என்றார் எக்ஸ்டெர்னல்.

தம்பி கூசவில்லை. “சார், அது ஃபியூச்சர் என்ஹான்ஸ்மென்ட்.”

பின்வரிசையில் அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். நேரமில்லை, அடுத்த குரூப் வாசலில் நின்றது. படங்கள் வெகு சுத்தம் என்று 40க்கு 38 போட்டார் எக்ஸ்டெர்னல்.

நூலகர் மேடம் இன்னும் லெட்ஜரில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். அடுத்த பேட்ச்சும் இதே தலைப்பைத்தான் எடுக்கப்போகிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஸ்கேலை எடுக்கட்டும்.