குவாரிக்காரனுக்குக் காது கேக்காது கண்ணு

வா கண்ணு, உக்காரு. மறுக்காவும் குவாரிக் கேட்டுக்கு முன்னால நின்னு கத்திப்போட்டு வந்திருக்கறே, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. தொண்டை கட்டிக்கிச்சா? சுக்குத்தண்ணி போடச் சொல்றேன். கிரஷர் ஓடறப்ப அங்க நின்னு கத்துனா, நீ கொட்டாவி உடறேன்னுதான் அந்த மேனேஜர் நெனைச்சிருப்பான்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. நீ எடம் பாக்கப் போனது ஞாயித்துக்கெழமைதானே? பிளாட்டுக்காரன் வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போயி, பிரியாணிப் பொட்டணமும் குடுத்து, "குயிலு கூவறது கேக்குதுங்களா"ன்னு கேட்டிருப்பான். கேட்டிருக்கும். அன்னைக்கு கிரஷரும் லீவு, வெடியும் லீவு. செண்டு வெலை கம்மியா வருதேன்னு நீயும் காதை ஊட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டே.

போகட்டும். உன்ற பிளாட்டு அப்ரூவல் வாங்குனதா? முழிக்காதே. 1959ஆம் வருசத்துச் சிறுகனிமச் சலுகை விதின்னு தமிழ்நாட்டுல ஒண்ணு இருக்குது. அதுல 36ஆவது விதிப்படி, குடியிருப்புல இருந்து 300 மீட்டருக்குள்ள கல்லு ஒடைக்கக் குத்தகை குடுக்கக் கூடாது. குதிக்காதே, இரு. நீ பாயைப் போட்டுப் படுத்துட்டா அது குடியிருப்பு ஆயிடாது. ரெவின்யூ கணக்குல ஊட்டு மனையா இருக்கோணும், இல்லாட்டி அப்ரூவல் ஆன லேஅவுட்டா இருக்கோணும். அதே விதி இன்னொண்ணும் சொல்லுது: குவாரியச் சுத்தி 300 மீட்டருக்குள்ள புது லேஅவுட்டுக்கோ கட்டட பிளானுக்கோ அப்ரூவல் தரோணும்னா, கனிம வளத்துறைகிட்ட மொதல்ல ஒப்புதல் வாங்கியிருக்கோணும். பிரியாணி குடுத்தவன் அதை வாங்கினானான்னு கேட்டியா? அவன் வாங்காட்டி, கவர்மென்டு கணக்குல நீ அந்தக் குவாரிக்குப் பக்கத்து ஊட்டுக்காரன் இல்ல கண்ணு, ஒறம்பரைக்கு வந்தவன். அதனால மொதல்ல உன்ற பத்திரத்தைப் பாரு. அப்பறம் சர்வேயரை வெச்சுத் தூரத்தை அள.

மனுவுல "தாங்க முடியாத சத்தம்"னு எழுதாதே. கலெக்டர் ஆபீசுல தாங்கிக்குவாங்க, அவங்க ஊடு அங்கயா இருக்குது? நம்பரு எழுது. குடியிருப்புக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45ன்னு 2000ஆம் வருசத்து விதி சொல்லுது. பகல்னா காத்தால 6 மணில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும். போன்ல ஒரு ஆப்பைப் போட்டு அளந்துக்க. அது சாட்சிக்கு நிக்காது, ஆனா எந்த நேரத்துல மீட்டரோட வரோணும்னு மாசு வாரியத்துக்காரங்களுக்குச் சொல்லலாம். ஒரு நோட்டும் போடு. ஜாக்ஹேமர் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, வேட்டு எப்ப, டிப்பர் எப்பன்னு தேதி போட்டு எழுது. ஏன்னா அதிகாரி வர்ற அன்னைக்குன்னு பாத்து கிரஷர் பெல்ட்டு அறுந்துபோகும். அதிசயமான பெல்ட்டு கண்ணு, ஜீப்பு கெளம்புனதும் தானா ஒட்டிக்கும்.

"குவாரியை மூடு"ன்னு கேட்டா அவன் வக்கீலை வெப்பான். "ஜல்லி எறங்கற சூட்டுக்கு ரப்பர் போடு"ன்னு கேளு, என்ன சொல்றதுன்னு தெரியாம நிப்பான். கிரஷர்கிட்ட ஒருநா நின்னு பாரு. கல்லு ஒடையற சத்தம் ஒரு பக்கம். ஒடைஞ்ச ஜல்லி இரும்புச் சல்லடைல குதிக்கறதும், இரும்புச் சூட்டுல சறுக்கறதும்தான் மண்டைக்குள்ள போயி உக்காந்துக்குது. அந்தச் சூட்டுக்குள்ள பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி போல்ட்டு போட்டாலே சத்தம் நல்லா அடங்கும். பெல்ட்டு அவன் களத்துலயே துண்டு துண்டாக் கெடக்குது. சல்லடையை ஷீட்டு போட்டு மூடுனா தூசியும் சேந்து அடங்கும். "மரம் வெச்சிருக்கறமுங்க"ன்னு நாலு வேப்பங்கன்னைக் காட்டுவான். வெக்கட்டும், தூசிக்கு நல்லது. சத்தம் வேப்பமரத்துக்கெல்லாம் பயப்படாது. நோண்டிப் போட்ட மேல்மண்ணை உன்ற ஊட்டுக்கும் மிசினுக்கும் நடுவுல மிசினு மறையற ஒசரத்துக்குக் கரையாப் போடச் சொல்லு. ரோட்டுக் குழியையும் மூடச் சொல்லு. லோடு ஏத்துன டிப்பர் முக்கிட்டுத்தான் போகும், காலி டிப்பர்தான் குழில எறங்கி ஊரையே எழுப்பும்.

வேட்டு வேற கணக்கு. சன்னல் சடசடங்கறது காத்துல வர்ற அடி. செவுரு கோடு உடறது தரைல வர்ற அடி. நம்மளாட்ட ஊடுகளுக்கு, அதிர்வெண்ணைப் பொறுத்து செகண்டுக்கு 5 மில்லிமீட்டர்ல இருந்து 15 வரைக்கும்தான் தாங்கும்னு சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997லயே சுத்தறிக்கை உட்டுருச்சு. குழியெல்லாத்தையும் ஒரே மூச்சுல வெடிக்காம, மில்லிசெகண்டு தள்ளித் தள்ளி வெடிக்கற டிலே டெட்டனேட்டர் இருக்குது. குழி வாயையும் நல்லா இறுக்கி அடைக்கோணும். வாய் தொறந்திருந்தா கல்லு ஒடையறதுக்குப் பதிலா சத்தம்தான் வெளிய வரும், நம்ம வார்டு மெம்பருக்கு நடக்கறதும் அதேதான். வெடியால பனிமூட்டத்துல வேட்டு வெச்சா சத்தம் மேல போகாம மடங்கித் தரைக்கு வரும். மத்தியானம் வெய்யில்ல வெக்கச் சொல்லு, அதுக்கு அவனுக்கு நயாபைசா செலவில்ல.

இதையெல்லாம் அவன் ஏன் கேக்கப் போறான்னுதானே பாக்கறே? குத்தகை எந்தத் தேதில முடியுதுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேளு. 2012ல சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்ததுக்கு அப்பறம் சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும். அந்த அனுமதிக் காயிதத்துல சத்தத்துக்கும் தூசிக்கும் கண்டிசன் வரிசையாப் போட்டிருக்கும். அவன் கையெழுத்துப் போட்டு வாங்குனதுதான், படிச்சிருக்க மாட்டான். நீ படி. குத்தகை முடியறதுக்கு மூணு மாசம் இருக்கறப்ப உன்ற நோட்டையும் அந்தக் காயிதத்தையும் சேத்து மனுவாக் குடு. அதுவரைக்கும் கேக்காத காது அன்னைக்கு நல்லாவே கேக்கும். ஊட்டுக்கே வந்து, "என்னங்க தம்பி, சொல்லியிருக்கலாமுல்ல"ம்பான்.

அப்பிடி வந்தா மொறைச்சுட்டு நிக்காதே, சேரு போட்டு உக்கார வெய்யி. முக்கால் இஞ்சு ஜல்லி யூனிட்டு என்ன வெலைன்னு பேச்சுவாக்குல கேட்டு வெய்யி. நம்ம கட்டுத்தறிக்குத் தளம் போடோணும், ரெண்டு யூனிட்டு வேணும்.