சிக்கனத்துக்குப் பேர்போனவர்கள்

போர் என்றால் வீண்செலவு என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1941 ஜூன் 22 அன்று சோவியத் எல்லையைத் தாண்டிய ஜெர்மன் படைக்கு அந்தப் பழி பொருந்தாது. போர் முடிவதற்குள் அதன் கையில் சிக்கிய செஞ்சேனை வீரர்கள் சுமார் 57 லட்சம் பேர். இத்தனை பேருக்குக் கொட்டகை போட்டு, அடுப்பு மூட்டி, கம்பளி கொடுத்து மாளுமா? பல இடங்களில் ஒரு வெட்டவெளியைப் பார்த்தார்கள், சுற்றி முள்கம்பி இழுத்தார்கள், முகாம் தயார். கூரை வேண்டுமென்றால் கைதிகளே பார்த்துக்கொள்ளலாம் என்று முழுச் சுதந்திரமும் கொடுத்தார்கள். அவர்களும் கையால் மண்ணைப் பறித்து, குழிக்குள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் படுத்தார்கள். புல் இருந்தவரை புல்லைத் தின்றார்கள். பிறகு மரப்பட்டை.

இந்தச் சிக்கனத்தின் மேதை எடுவர்ட் வாக்னர். தரைப்படையின் தளவாடங்களுக்கும் உணவுக்கும் பொறுப்பான தலைமை அதிகாரி. அக்டோபரில் வேலை செய்யாத கைதிகளின் படியைக் குறைத்தார். நவம்பர் 13 அன்று ஓர்ஷா நகரில் கூடிய தளபதிகளிடம், முகாமில் வேலை செய்யாதவர்கள் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான் என்றே சொல்லிவிட்டார். மழுப்பல் இல்லை, மேல்பூச்சு இல்லை. பசியால் எழுந்து நிற்க முடியாதவன் வேலை செய்ய மாட்டான். வேலை செய்யாதவனுக்குச் சோறு இல்லை. இந்தக் கணக்கில் எந்தத் தணிக்கையாளர் ஓட்டை கண்டுபிடிப்பார்? 1942 பிப்ரவரிக்குள் சுமார் 20 லட்சம் பேர் செலவுப் பட்டியலிலிருந்து கழிந்தார்கள். கடைசியில் மொத்தம் ஏறக்குறைய 33 லட்சம். ஒவ்வொருவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்பதை அந்தப் பட்டியலில் குறிக்க இடம் இல்லை.

கைதிகளை நடத்தத் தெரியாமல் நடத்தினார்கள் என்று யாரும் அவர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதே ஜெர்மனியின் முகாம்களில் இருந்த பிரிட்டிஷ், அமெரிக்க வீரர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. சோறு போடத் தெரியும். யாருக்குப் போடக் கூடாது என்பதும் தெரியும்.

ராணுவ உளவுத்துறையின் தலைவர் கனாரிஸ், கைதியைக் கொல்வது சர்வதேசச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று 1941 செப்டம்பரில் ஆட்சேபம் அனுப்பினார். ஆயுதப்படைத் தலைமையகத்தின் தலைவர் கைட்டெல் அதைக் குப்பைக்கூடையில் போடவில்லை, மரியாதையாகப் படித்தார். இந்தத் தயக்கமெல்லாம் வீரதர்மப் போருக்கு உரியது, இங்கே ஒரு சித்தாந்தத்தையே அழிக்கிறோம் என்று தன் கைப்பட எழுதியும் வைத்தார். போருக்குப் பின் கூடிய நியூரம்பர்க் நீதிமன்றத்துக்கு இதைவிட யார் உதவியிருக்க முடியும்?

புகன்வால்ட் வதைமுகாமில் காட்டிய இங்கிதத்தையும் விட்டுவிடக் கூடாது. அங்கே குதிரை லாயத்தை மருத்துவப் பரிசோதனை அறைபோல மாற்றினார்கள். வெள்ளை அங்கி போட்டவர்கள் வரவேற்றார்கள். உயரம் பார்க்கிறோம் என்று அளவுகோலில் நிறுத்துவார்கள். சுவருக்குப் பின்னாலிருந்து, கழுத்துக்கு நேரே உள்ள துளை வழியாகக் குண்டு வரும். கைதி கடைசி நொடிவரை பதறக் கூடாதே! சுமார் 8,000 பேருக்கு இப்படி உயரம் பார்த்தார்கள்.

கைதிகளின் சொந்த நாடு மட்டும் சளைத்ததா? ஜெர்மன் படை சோற்றில் சிக்கனம் பிடித்தது என்றால், ஸ்டாலினின் அரசு நம்பிக்கையில் சிக்கனம் பிடித்தது. 1941 ஆகஸ்டில் வந்த 270ஆம் உத்தரவு, சரணடைந்த அதிகாரிகளின் குடும்பங்களைக் கைது செய்யச் சொன்னது. சாதாரண வீரர்களின் குடும்பங்களுக்கு அரசு உதவியை நிறுத்தியது. பாரபட்சம் கிடையாது: ஸ்டாலினின் மகன் யாக்கோவ் பிடிபட்டபோது மருமகள் யூலியாவும் சிறைக்குப் போனாள். 1945இல் உயிரோடு மீண்டவர்களைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் ரகசியப் போலீஸான என்.கே.வி.டி.யின் கைக்குப் போனார்கள். இன்னும் பலர் உழைப்புப் படைகளுக்கு.

சோவியத் எல்லையிலிருந்த பிரெஸ்ட் கோட்டையில் ஒரு மாதம் தாக்குப்பிடித்த மேஜர் பியோத்தர் கவ்ரீலவ், விழுங்கக்கூடத் தெம்பில்லாத நிலையில் பிடிபட்டார். நான்கு வருடம் சிறை இருந்து திரும்பியவருக்குக் கட்சி உறுப்பினர் தகுதி போயிற்று. ஆனாலும் அவருடைய அனுபவத்தை வீணாக்கவில்லை: சைபீரியாவில் ஜப்பானியப் போர்க்கைதிகளின் முகாமுக்கு அவரையே தலைவராக்கினார்கள்! அங்கே தொற்றுநோய் பரவாமல் அவர் பார்த்துக்கொண்டார். செர்கேய் ஸ்மிர்னவ் என்ற எழுத்தாளர் ஊர் ஊராகத் தேடிப் பிடித்து எழுதாமல் போயிருந்தால், 1957இல் கிடைத்த வீரப்பட்டமும் மிச்சமாகியிருக்கும். மீண்ட மற்றக் கைதிகளுக்கு முழு உரிமையையும் திருப்பித் தரும் ஆணை 1995இல் வந்தது. ஐம்பது வருடம் சரிபார்த்த பிறகு கொடுத்ததால் தவறாகக் கொடுத்துவிட்டோம் என்ற கவலை இருந்திருக்காது.

ஜெர்மன் கருவூலம் இவர்கள் எல்லோரையும் மிஞ்சியது. 2000ஆம் ஆண்டு கட்டாய உழைப்பாளர்களுக்கு இழப்பீடு தர அறக்கட்டளை அமைத்தபோது, போர்க்கைதியாக இருந்தது மட்டுமே உரிமை தராது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். போர்க்கைதிக்கு வேலை கொடுப்பது சட்டப்படி சரிதானே! அப்படிக் காத்திருந்து, 2015 மே மாதம் சோவியத் கைதிகள்மீது அதற்கு மனம் இளகியது. ஆளுக்கு 2,500 யூரோ. அதற்குள் உயிரோடு இருப்பவர்கள் 4,000 பேர் தேறுவார்கள் என்று மதிப்பிட்டார்கள். ஆகவே ஒரு கோடி யூரோ ஒதுக்கினால் போதும் என்று ஆயிற்று.