ஓராள் உலையியல்: கொங்கு வட்டாரத் தனியர் அடுக்களையில் வாரப் பகுப்பும் மீதியின் இலக்கணமும்

ஆய்வுப் பொருளும் எல்லையும்

கோவை மாநகரில் ஒருவர் தாமே சமைத்து, தாமே தின்று, தாமே பாத்திரம் கழுவும் முறைமை இவ்வாய்வின் பொருள். வடக்கே சரவணம்பட்டி, கிழக்கே சிங்காநல்லூர், மேற்கே வடவள்ளி, தெற்கே சுந்தராபுரம் ஆய்வின் எல்லை.

இவ்வெல்லைக்குள் வாழும் தனியர் மூவகைப்படுவர். கணினிக் கம்பெனியில் வேலை கிடைத்து வந்து, 'பேச்சிலருக்கு வீடு இல்லை' என்ற பதிலைத் தெருத்தெருவாகக் கேட்டபின் அறை பிடித்தவர் முதல் வகை. பீளமேட்டுக் கல்லூரியொன்றில் படித்துக்கொண்டே விடுதிச் சாப்பாட்டோடு உறவை முறித்துக்கொண்டவர் இரண்டாம் வகை. பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பிவிட்டு, எட்டுப் பேருக்கு வாங்கிய போசிகளோடு ஒற்றையாய் இருக்கும் பெரியவர்கள் மூன்றாம் வகை. முதலிரு வகையினருக்குப் பாத்திரம் போதாது. மூன்றாம் வகையினருக்கு ஆள் போதாது.

ஓட்டலில் உண்போர் ஆய்வுக்குப் புறம்பானவர். அன்னபூர்ணா ஓட்டலின் சாம்பார் இட்லிக்கு ஆய்வு முடிவைத் திசைதிருப்பும் ஆற்றல் உண்டு என்பதால் அதுவும் விலக்கப்பட்டது. ஆய்வாளரின் மாலை நேரங்களுக்கு இவ்விலக்கு பொருந்தாது.

முதன்மை ஆதாரம் பிரிட்ஜ். துணைமை ஆதாரம், ஊரிலிருந்து அம்மா தினமும் போனில் கேட்கும் "சாப்டியா கண்ணு? என்ன ஆக்குனே?" என்ற வினா.

கருதுகோள்: தனியாள் திட்டமிட வேண்டியது சாப்பாட்டை அன்று, மீதியை.

முன்னாய்வுகள்

சமையல் நூல் பற்றிய பழைய தமிழ்க் குறிப்பு சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. அருச்சுனனின் அண்ணன், அதாவது வீமன், செய்த நூலின் வழி தவறாமல் சமைத்த உணவை அது பேசுகிறது. தனியர் இதைக் கண்டு மகிழ்வதற்கில்லை. பகாசுரனுக்குப் போன வண்டிச் சோற்றை ஒற்றையாளாய்த் தின்று தீர்த்தவன் வீமன். அவன் நூலில் 'ஒருவருக்கு' என்று ஓர் அளவு இருந்திருந்தால் அதை இன்றைய கணக்குக்கு மாற்றத் தனியாக ஒரு முனைவர் பட்டம் வேண்டும்.

1951இல் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்து, கைப்பக்குவத்தை எழுத்துக்குக் கொண்டுவந்தது. அதன்பின் பத்திரிகைகளின் இணைப்பிதழ்கள் பெருகி, 'நால்வருக்கு' என்ற குறிப்பு நிலைபெற்றது. நாலால் வகுத்தால் போயிற்று என்று கணிதம் தெரிந்தோர் சொல்வர். ஒரு பச்சை மிளகாயையும் கால் டீஸ்பூன் பெருங்காயத்தையும் நாலால் வகுத்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

இயல் 1: காலவியல்

நூற்பா: அடுப்பெரி நேரம் ஆள்வழிக் குறையா; நறுக்கல் ஒன்றே குறையும் என்ப.

உரை: சமையல் நேரம் இரு கூறுடையது. குக்கர் சூடேறுதல், பருப்பு வேகுதல், தாளித்தல், அடுப்பு மேடை துடைத்தல் ஆகியவை நிலைநேரம். வெங்காயம் உரித்தல், காய் நறுக்குதல், வட்டல் (தட்டு) கழுவுதல் ஆகியவை ஆள்நேரம். நாலு பேர் வீட்டில் நிலைநேரம் நாலு வாய்க்குப் பங்காகும்; தனியர் வீட்டில் முழுவதும் ஒரு வாயின் கணக்கில் விழும். ஆகவே தினமும் ஒரு வேளைக்கு மட்டும் சமைப்பவரே ஊரில் அதிக நேரம் செலவழித்துச் சாப்பிடுபவர் ஆகிறார்.

முற்காலத்தில் இச்சிக்கலைக் கோவையில் ஆலைச் சங்கு தீர்த்துவைத்தது. 1888இல் ஸ்டேன்ஸ் பஞ்சாலை தோன்றிற்று. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. எந்த ஷிப்டுக்கு எப்போது தூக்குப்போசி நிறைய வேண்டும் என்பதைச் சங்கு சொன்னது. இன்றைய தனியருக்குச் சங்கு ஊத ஆளில்லை. இரவு ஒன்பதரைக்கு அரிசி களையத் தொடங்கி, விசில் வருவதற்குள் பிஸ்கட் பாக்கெட்டை முடித்துவிட்டு, பின்னர் பசியில்லை என்கிறார்.

தீர்வு: நிலைநேரத்தை வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் செலவழிக்க வேண்டும். சின்ன வெங்காயத்தை ஞாயிறன்று தண்ணீரில் ஊறப்போட்டு மொத்தமாக உரித்து, ஈரம் போகத் துடைத்து, மூடிய டப்பாவில் பிரிட்ஜில் வைக்கலாம். கொங்குச் சமையலில் சின்ன வெங்காயம் உரிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது எல்லா உரையாசிரியர்க்கும் உடன்பாடு.

இயல் 2: சந்தையியல்

வாரத் திட்டம் என்பது நகரவாசிகள் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர், வியாழக்கிழமை புன்செய் புளியம்பட்டிக்குப் போய்வருக. கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் சந்தைக்கு ஒரு கிழமை உண்டு. அன்று வாங்கியதுதான் அடுத்த சந்தை வரைக்கும். முதல் நாள் கீரை, நடுவில் கத்தரி, வெண்டை, கடைசியில் பூசணியும் உருளையும் என்று வாடும் வரிசையே சமைக்கும் வரிசை ஆயிற்று. திட்டம் எழுதும் நோட்டு யாரிடமும் இல்லை, காயே நோட்டு.

மதுரையில் 1999இல் முதல் உழவர் சந்தை திறந்தது. தொடர்ந்து கோவையிலும் ஆர்.எஸ். புரம், சிங்காநல்லூர் போன்ற இடங்களில் வந்தது. நாள்தோறும் காய் கிடைத்ததால் வாடும் வரிசை மறந்தது. தனியர் அங்கே மூன்று இடர்களைச் சந்திக்கிறார்.

முதலாவது கொசுறு. கால் கிலோ கத்தரிக்காய்க்குக் கடைக்கார அக்கா அன்போடு அள்ளித்தரும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் சிலசமயம் வாங்கிய காயைவிடப் பெரிதாக இருக்கும்.

இரண்டாவது தேங்காய். தனியரின் சட்னிக்குக் கால் மூடி போதும். மிச்சத்தைத் திருகி உறையறையில் போடாவிட்டால் மூன்றாம் நாள் வழுவழுப்பு ஏறும். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தேங்காயை வீணாக்குபவருக்கு ஊரில் மரியாதை இல்லை.

மூன்றாவது முட்டைக்கோஸ். மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரியிலிருந்து இறங்கும் இக்காய் ஒருவரை ஒரு வாரம் ஆளும். திங்கள் பொரியல், செவ்வாய் கூட்டு, புதன் முட்டையோடு, வியாழன் நூடுல்ஸோடு. வெள்ளியன்று பிரிட்ஜைத் திறந்தால் இன்னும் பாதி இருக்கும். அறிந்தோர் அரைக் கோஸ் வெட்டித்தரும் கடையைத் தேடிப் போவர்.

இயல் 3: மாவியல்

நூற்பா: அரைத்தது மாவு, அதன் ஆயுளே வாரம்.

உரை: கோவைத் தனியரின் நாட்காட்டி சுவரில் தொங்குவதில்லை; பிரிட்ஜின் நடுத்தட்டில் எவர்சில்வர் தூக்கில் இருக்கிறது. மாவரைக்கும் கிரைண்டரை 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி உருவாக்கினார் என்பர். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' 2005-06இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதே 1955இல்தான் பார்க்கின்சன் என்பார், வேலையானது தனக்குக் கிடைத்த நேரம் முழுவதும் பரவி நிற்கும் என்ற விதியை லண்டன் 'எக்கனாமிஸ்ட்' இதழில் எழுதினார். மாவும் தனக்குக் கிடைத்த பாத்திரம் முழுவதும் பரவி, மேலும் பரவும். அவர் கோவைக்கு வந்திருந்தால் விதியின் இரண்டாம் பகுதி எழுதப்பட்டிருக்கும்.

தனியருக்கும் கிரைண்டருக்கும் உள்ள பிணக்கு அடிமட்ட அளவில் இருக்கிறது. ஒரு கைப்பிடி உளுந்தைப் போட்டால் அது கல்லுக்கடியில் போகாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். குறைந்தது அரை டம்ளர் உளுந்தும் இரண்டு டம்ளர் இட்லி அரிசியும் வேண்டும். அந்த மாவிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து இட்லி வரும். வேளைக்கு நாலு என்றால் ஆறு வேளை. இயந்திரத்தின் கீழெல்லையும் வாரத்தின் நீளமும் இப்படி ஒத்துப்போவதைத் தற்செயல் என்று தள்ள ஆய்வாளருக்கு மனம் வரவில்லை.

"ஏங்கண்ணு, ஒரு ஆளுக்கு எதுக்கு இத்தன மாவு?" என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். "வாரத்துக்குங்கம்மா" என்பதே விடை.

மாவைப் பொங்கவைப்பது முக்கியமாக லியூகோனாஸ்டாக் மெசன்டராய்டிஸ் என்ற நுண்ணுயிர் என்று 1965இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அது வெளியிடும் கரியமில வாயு மாவை உயர்த்துகிறது, அமிலம் புளிப்பேற்றுகிறது. குளிரில் இவ்வேலை நிற்பதில்லை, மெதுவாகிறது. எனவே மாவு நாளுக்கு நாள் வேறொரு பொருள் ஆகிறது. தனியர் அதைப் பின்தொடர்ந்தால் போதும். ஞாயிறு மாலை அரைப்பு. திங்களும் செவ்வாயும் இட்லி. புதன் தோசை. வியாழன் சின்ன வெங்காயம் தூவிய ஊத்தப்பம். வெள்ளி பணியாரம். சனிக்கிழமை, புளித்த மிச்சத்தோடு ராகி மாவைக் கலந்து மெல்லிய தோசை. மார்கழி இரவில் பொங்க நேரமாகும். சித்திரையில் தூங்கி எழுவதற்குள் தூக்கின் மூடி தரையில் கிடக்கும். ஆகவே கோடையில் பாதிப் பாத்திரத்துக்கு மேல் ஊற்றலாகாது.

இயல் 4: மீதியியல்

நூற்பா: மீதி அறிந்து ஆக்கல் ஆக்கம், மீதி அறியாது ஆக்கல் வீக்கம்.

உரை: கொங்கு உணவுகளைத் தனியர் நோக்கில் இரண்டாகப் பகுக்கலாம்.

ஆள் கேட்பவை ஒரு வகை. சந்தகை இதன் தலை. புழுங்கலரிசி மாவை வேகவைத்து, சூடு ஆறுமுன் சந்தகை உரலில் பிழிய ஒருவர், தட்டை நகர்த்தி வாங்க இன்னொருவர் என்பது வழக்கம். தனியாகச் சந்தகை பிழிய முயல்பவருக்குச் சந்தகையோடு கைவலியும் கிடைக்கும். ஒப்புட்டும் (போளியும்) இவ்வகையே.

ஆள் கேளாதவை மறுவகை. அரிசிம்பருப்பு இதன் தலை. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, உரித்த சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள். தாளித்து, மூன்று பங்குக்கு மேல் தண்ணீர் விட்டு, மூடி, மூன்று விசில். ஒரு குக்கர், ஒரு கரண்டி, ஒரு வட்டல். மேலே நெய், பக்கத்தில் தயிர். ஐந்து லிட்டர் குக்கரில் இதை அரை டம்ளருக்குச் செய்தால் அடி பிடிக்கும். இரண்டு அல்லது மூன்று லிட்டர் குக்கரே தனியருக்கு ஏற்றது.

கொள்ளு இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது. வேகவைத்த தண்ணீர் அன்றைக்கு ரசம், கடைந்த பருப்பு நாளைக்குச் சோற்றுக்கு. ஒரே அடுப்பெரிப்பில் இரண்டு நாள் தருவதால் இதைக் காலவியலிலும் சேர்க்கலாம் என்பார் உண்டு.

ஓர் எச்சரிக்கை. சோற்றை மீதம் வைப்பது குற்றமன்று. குக்கரிலேயே இரவு முழுக்க விட்டுவைப்பது குற்றம். வெளியே கிடக்கும் சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி வெளியிடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆறியவுடன் டப்பாவில் போட்டு உள்ளே வைக்க வேண்டும்.

இயல் 5: இடையூற்றியல்

மேற்கண்ட கோட்பாடு முழுவதையும் ஒரு நொடியில் குலைக்கவல்லது ஒறம்பரை, அதாவது வீடு தேடி வரும் உறவினர். "இந்தப் பக்கம் ஒரு கல்யாணம், அப்படியே உன்னையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தோங் கண்ணு" என்று புதன்கிழமை நாலு பேர் வந்து நின்றால், சனி வரைக்குமான மாவு அன்றே தோசையாகிவிடும். தனியர் இதை இழப்பாகக் கருதுவர். ஆய்வு வேறுவிதமாகக் காண்கிறது: நாலு பேருக்கான குறிப்பு அன்று ஒருநாள் வகுக்காமலே பயன்படுகிறது. போகும்போது அவர்கள் விட்டுச்செல்லும் முறுக்கும் எள்ளுருண்டையும் மீதியியலில் வரவாக எழுதத் தக்கவை.

முடிவும் பரிந்துரையும்

ஒன்று: அளவைக் குறைக்கப் போராடுதல் வீண். பாத்திரமும் கிரைண்டரும் தேங்காயும் அதற்கு ஒத்துழைக்கா.

இரண்டு: அளவு குறையாதபோது நாளைக் கூட்ட வேண்டும். இன்றைய மீதி நாளைக்கு என்னவாகும் என்று தெரிந்தபின் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

மூன்று: சமையல் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். 'நால்வருக்கு' என்பதை நீக்கச் சொல்லவில்லை. அதன் கீழே இரண்டு வரி சேருங்கள்: இது எத்தனை நாள் தாங்கும், மறுநாள் இதை என்னவாக மாற்றலாம். அவ்விரு வரியும் இல்லாத குறிப்பு தனியருக்குப் பாதிக் குறிப்புத்தான்.