மலையைப் பதிவேட்டில் பார்க்கவும்

தொடக்கப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துவது எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் திருவண்ணாமலைக்கு ஒருமுறை வந்து போகலாம். எப்படி நடத்தாமல் தப்பிப்பது என்பதையும் இங்கேயே கற்றுக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே பேருந்துக் கட்டணம்தான்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் வளரும் பிள்ளைக்குத் திசைகளைச் சொல்லித்தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கல்வி மேதைகள் என்ன செய்வார்கள்? சார்ட் வாங்குவார்கள், அம்புக்குறி வரைவார்கள், மேலே வடக்கு, கீழே தெற்கு என்று எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். பிள்ளையும் அண்ணாந்து பார்த்து, வடக்கு என்பது மின்விசிறி சுற்றும் இடம் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ளும்.

வெளியே அண்ணாமலை நிற்கிறது. அதைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர்கள். கிழக்கே இந்திர லிங்கம், தென்கிழக்கே அக்னி, தெற்கே எமன், தென்மேற்கே நிருதி, மேற்கே வருணன், வடமேற்கே வாயு, வடக்கே குபேரன், வடகிழக்கே ஈசானியம். இதைவிடப் பெரிய துணைக்கருவியை எந்த வட்டார வள மையமும் செய்துவிட முடியாது. (லிங்கத்தைச் சொன்னால் மதம் வந்துவிடும் என்று பதறுகிறவர்கள், பக்கத்து மசூதி எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, ஏன் என்று கேட்டும் பாடம் நடத்தலாம். திசைக்கு மதமில்லை.)

ஆசிரமத்துப் பக்கம் குடியிருக்கும் பிள்ளைக்கு மலை வடக்கே. பெரிய கோயில் தெருப் பிள்ளைக்கு மேற்கே. அடி அண்ணாமலைப் பிள்ளைக்குக் கிழக்கே. மூன்று பேர் சொல்வதும் சரி. நிற்கிற இடம் மாறினால் பதிலும் மாறும் என்பது எட்டு வயதில் ஒரு பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், பிறகு அதை மேடைப் பேச்சில் மயக்குவது கஷ்டம். அந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்துதான் வினாத்தாளில் ஒரே ஒரு விடையை வைத்திருக்கிறார்களோ என்னவோ.

ஆசிரியரைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அதில் ஒருவர் தலைமையாசிரியர், அவரும் கூட்டத்துக்குப் போயிருப்பார். மிஞ்சியவர் எல்லா வகுப்புக்கும், எல்லாப் பாடத்துக்கும் பாடக்குறிப்பு எழுத வேண்டும். அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வழங்குதல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்பித்தல், தொடர்பணி என்று படிகள் மட்டும் சபரிமலைக்குப் போட்டியாக ஏறிக்கொண்டே இருக்கும். செயல்பாடு நடந்ததற்குப் படம் வேண்டும். பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி படம் வேண்டும். இதற்கிடையே வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகவும் போக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் நேரம் கிடைத்தால், பாடமும் நடத்தலாம், தடையொன்றுமில்லை.

தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும்தான் முதல் மரியாதை. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அவற்றைத்தான் தோளில் சுமக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது அவசியம், மறுக்கவில்லை. ஆனால் சமூக அறிவியல்? கடைசிப் பிரிவேளையில், மணி அடிக்கும்வரை, கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கு.

இந்த ஊருக்கு உலகப் புகழ் தேடித்தந்த மனிதர் இங்கே வந்து சேர்ந்த கதையை அந்தக் கடைசிப் பிரிவேளையில் யாராவது சொல்கிறார்களா? 1896 ஆகஸ்ட் 29, மதுரை. வெங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனுக்கு ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரும்படி பள்ளியில் தண்டனை. இரண்டு முறை எழுதினான். மூன்றாவதை எழுதாமல் தள்ளிவைத்துவிட்டு, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திலிருந்து மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வழி பார்க்க ஒரு பழைய வரைபடப் புத்தகம். அதில் திருவண்ணாமலைக்கு ரயிலே கிடையாது. பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று கணக்குப் போட்டுக்கொண்டான். நிஜத்தில் விழுப்புரத்திலிருந்து ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சரியான வழியைச் சொன்னவர் அதே பெட்டியில் வந்த ஒரு மௌல்வி. கையிலிருந்த காசு தீர்ந்து, நடந்து, கடுக்கனை அடகுவைத்து, செப்டம்பர் 1-ஆம் தேதி ஊர் வந்து சேர்ந்தான்.

ரமண மகரிஷியை நமக்குத் தந்தது ஒரு இம்போசிஷனும் காலாவதியான ஒரு வரைபடமும். இரண்டையும் நம் பள்ளிகள் இன்றுவரை பத்திரமாகக் காப்பாற்றி வருகின்றன. பலன்தான் அப்படி அமையவில்லை.

நான்காம் வகுப்பில் நகராட்சி, மாநகராட்சி பற்றி ஒரு பாடம் இருக்கிறது. திருவண்ணாமலை 2024-இல்தான் மாநகராட்சி ஆனது. இதைவிடச் சூடான பாடம் எங்கே கிடைக்கும்? பெயர்ப் பலகை மாறியதே, தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாறியதா? பௌர்ணமிக் கிரிவலம் முடிந்து விடிந்ததும் பாதையில் கிடக்கும் குப்பையை யார் அள்ளுகிறார்கள், அவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? ஆட்டோ ஓட்டும் அப்பாவைக் கேட்டு எழுதி வா என்று சொன்னால் பிள்ளை பத்து வரி எழுதும். நாம் கேட்பதோ, மாநகராட்சியின் தலைவர் ______ என்று அழைக்கப்படுகிறார்.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் இதே ஊரின் வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வீட்டை மூடின. ஏழு பேர் செத்துப்போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள்.

அந்தக் குழந்தைகள் வயதுப் பிள்ளைகளுக்கு இந்த ஊர்ப் பள்ளிகளில் எந்தப் பாடம் இதைச் சொல்லித்தரும்? பெஞ்சே இல்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் நிலநடுக்கம் வந்தால் பெஞ்சுக்கு அடியில் போ என்று ஒத்திகை நடத்துகிற நாடு இது. மலையடிவாரத்தில் மனை விலை ஏறிக்கொண்டே போனால் ஏழை எங்கே போய்க் குடிசை போடுவான்? அங்கே வீட்டு வரி வாங்கினார்களா, தெருவிளக்கு போட்டார்களா? வாங்கியிருந்தால், போட்டிருந்தால், பாறை விழும் என்று யார் சொல்லியிருக்க வேண்டும்? புவியியல், பொருளாதாரம், குடிமையியல் மூன்றும் அந்தச் சரிவில்தான் கிடக்கின்றன. ஆனால் பிள்ளை இப்படிக் கேட்க ஆரம்பித்தால் அது கற்றல் விளைவில் சேராது, ஒழுங்கீனத்தில் சேர்ந்துவிடும். ஆசிரமத்துக்குள் 'நான் யார்?' என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வதற்காகக் கடல் தாண்டி வருகிறார்கள். அதே சாலையில், நாற்பது கேள்வியோடு வரும் பிள்ளையை வாயில் விரலை வைக்கச் சொல்கிறோம்.

ஆய்வுக்கு வரும் அலுவலர்களே, அடுத்த முறை பதிவேட்டைக் கேட்காதீர்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, வ.உ.சி. நகரில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேளுங்கள். பதில் சொன்னால் அந்த ஆசிரியருக்குப் பாடக்குறிப்பு எழுதுவதிலிருந்து விலக்கு கொடுங்கள். பிள்ளை விழித்தால், மெமோவை ஆசிரியருக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பாடக்குறிப்புப் படிவத்தை வடிவமைத்தவரின் மேசைக்கு அனுப்புங்கள்.