மூன்று விமான நிலையம், ஒரு ராயகிரி

வாசகர், ராயகிரி: எங்கள் ஊருக்குப் பக்கத்து விமான நிலையம் எது?

பக்கத்தில் எதுவும் இல்லை. மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். நேர்கோட்டில் அளந்தால் மதுரையும் தூத்துக்குடியும் தலா சுமார் 90 கி.மீ., திருவனந்தபுரம் நூற்றுச் சொச்சம். நேர்கோட்டில் போக நீங்கள் பருந்து இல்லையே! திருவனந்தபுரம் என்றால் மலை குறுக்கே நிற்கும். செங்கோட்டை, ஆரியங்காவு என்று கணவாயில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். மதுரைக்கு அந்தத் தொல்லை கிடையாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லுப்பட்டி என்று கொல்லம்–திருமங்கலம் சாலையைப் பிடித்தால் போதும். என் ஓட்டு மதுரைக்கு.

வாசகி, வாசுதேவநல்லூர்: மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டு நிலையங்களுக்கும் இடையே வான்வழியில் சுமார் 123 கி.மீ. மணிக்கு 500 கி.மீ. போகும் ஏ.டி.ஆர். விமானத்துக்குக் கால் மணி நேர வேலை. ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்க வேண்டியதுதான். ஆனால் நேரடி விமானம் இல்லை. சென்னை வழியாகப் போனால் அங்கே 417, இங்கே 529, ஆக 946 கி.மீ. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு முடிப்பதற்குள், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியவர் தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கிக்கொண்டிருப்பார்.

வாசகர், சிவகிரி: சென்னை–மதுரை பறக்கும் நேரம் 50 நிமிடம் என்கிறது இணையம். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம். யார் சொல்வது பொய்?

இருவருமே மெய்தான். இணையம் தூரத்தை வேகத்தால் வகுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. டிக்கெட்டில் இருப்பது, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த ஊரில் வந்து நிற்கும் வரை ஆகும் நேரம். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்பவர் கிளம்பக் காத்திருப்பது, காற்றுக்கு எதிர்முகமாக இறங்குவதற்காக ஒரு சுற்றுச் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். கொஞ்சம் தாமதத்தையும் முன்கூட்டியே சேர்த்து வைப்பார்கள். அதனால்தான் லேட்டாகக் கிளம்பிய விமானமும் சில நாள் சொன்ன நேரத்துக்கு இறங்கி, நம்மிடம் நல்ல பெயர் வாங்குகிறது.

வாசகர், புளியங்குடி: குறைந்த தூரத்துக்கு விமானம் விடவே மாட்டார்களா?

ஸ்காட்லாந்தில் விடுகிறார்கள். வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு 2.7 கி.மீ.; ஒன்றரை நிமிடப் பயணம். அங்கே நடுவில் கடல். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் எட்டயபுரம். கடலில் பஸ் ஓடாது, எட்டயபுரத்தில் ஓடும்.

வாசகர், சங்கரன்கோவில்: வாகைக்குளத்தில் பெரிய விமானம் இறங்குமா?

அங்கே இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுதளம் 1,350 மீட்டராக இருந்தவரை சின்ன விமானங்கள்தான் வந்தன. இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலை 26 அன்று புது முனையமும் திறந்தாகிவிட்டது. பெரிய விமானம் தாராளமாக இறங்கலாம். உங்கள் ஊரிலிருந்து வாகைக்குளம் போகிற தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வாசகி, சென்னை: குற்றால சீசனுக்கு வர விமானமா, பொதிகை எக்ஸ்பிரஸா?

வீட்டிலிருந்து மீனம்பாக்கம், இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே ஆஜர், ஒன்றேகால் மணி நேரப் பயணம், பெட்டிக்குக் காத்திருப்பு, பிறகு மதுரையிலிருந்து காரில் மூன்று மணி நேரம். பாதி நாள் போச்சு. பொதிகை இன்னும் கூடுதல் நேரம் எடுக்கும், ஆனால் அது நீங்கள் எப்படியும் தூங்கப்போகிற நேரம். காலையில் தென்காசியில் இறங்கினால் அருவி கூப்பிடு தூரம். பெர்த் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், விமானத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுகிறேன்.